பேஸ் கிட்டார் வாசிச்சது யாரு?

போடியிலிருந்து தேவாரம் போகிற பஸ், சிலமலை, ராசிங்கபுரம் என்று மலையடிவாரத்தை ஒட்டியே போகும். தேவாரத்தையும் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பண்ணைப்புரம், இளையராஜா பிறந்த ஊர். இதனாலேயே எங்க பக்கத்து ஆட்களுக்கு இசை விஷயத்தில் ஒரு மிதப்பு உண்டு. டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எவரைக் கேட்டாலும் எந்தப் பாட்டு எந்தப் படம், எந்த வருஷம், எழுதியது யார், பாடியது யார் என்று சொல்லிவிடுவார். நானும் அப்படிப்பட்ட ஆள்தான் என்று போன மாதம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டில் இருக்கும் நண்பன் ஒருவன் அமெரிக்காவின் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' பற்றிப் புலம்பி ஒரு நீண்ட செய்தி அனுப்பியிருந்தான். அவனுக்குப் பிடித்த இன்னின்னாரை இன்னும் சேர்க்கவில்லையாம், அநியாயமாம். கடைசியில் ஒரு கேள்வி: "நம்மூருக்கு இப்படி ஒண்ணு இருந்தா, இதுவரை கண்டுக்காம விட்ட யாரை உள்ள சேர்ப்ப?"

உற்சாகமாகப் பேனாவை எடுத்தேன். எழுதியதெல்லாம் இசையமைப்பாளர் பெயர்கள். அவர்களில் யாரை நாம் கண்டுகொள்ளாமல் விட்டோம்? பிறந்தநாளுக்கு பேனரே கட்டுகிறோம். அடித்துவிட்டுப் பாடகர்களை எழுதினேன். அதுவும் அதே கதைதான். அப்புறம் டிரம்ஸ் என்று ஒரு கட்டம், பேஸ் கிட்டார் என்று ஒரு கட்டம், லீட் கிட்டார் என்று ஒரு கட்டம் போட்டேன். ராக் என்றால் அடிப்படையில் இந்த மூன்றும்தானே. எண்பதுகளின் பாட்டுகளில் எனக்கு மனப்பாடமான முந்நூறு நானூறு பாட்டு இருக்கும். அதில் பத்துக்குக்கூட அந்தக் கட்டங்களை என்னால் நிரப்ப முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து வந்தது.

முதலில் ஒரு ஆட்சேபணையை முடித்துவிடுகிறேன். தமிழில் ராக் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அறுபதுகளில் மெட்ராஸில் ஆங்கிலப் பாட்டு வாசித்த இளைஞர் குழுக்கள் இருந்தன. எண்பதுகளில் சிவமணி, ஜான் ஆன்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் போன்றவர்களுடன் 'ரூட்ஸ்' குழுவில் கீபோர்டு வாசித்த இளைஞர்தான் பிறகு ஏ.ஆர்.ரஹ்மான். கடல் தாண்டினால் யாழ்ப்பாணத்துத் தமிழில் பாப் பாடிய நித்தி கனகரத்தினம், ஏ.ஈ.மனோகரன். பினாங்கில் ஆறுமுகம் சகோதரர்கள் லோகநாதனும் டேவிட்டும் நடத்திய 'ஆலிகேட்ஸ்', ஆனால் அவர்கள் புகழ்பெற்றது மலாய்ப் பாட்டில். இவர்களைப் பற்றித் தனித்தனியாக எழுத வேண்டும். ஆனால் சிலமலையில் பிறந்த ஒருவனின் காதுக்கு ராக் வந்த வழி இது எதுவும் இல்லை. எங்களுக்கு அது சினிமாப் பாட்டு வழியாகத்தான் வந்தது, ஜீப்பில் வந்தது.

எங்க அத்தை ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய்வந்தவர். இருட்டோடு ஜீப் வந்து நிற்கும். அடிவாரத்துப் பெண்களை அள்ளிப் போட்டுக்கொண்டு முந்தல் வழியாகப் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு, அங்கிருந்து பூப்பாறைப் பக்கம். பள்ளி லீவு நாட்களில் நானும் தொற்றிக்கொள்வேன். டிரைவர் அண்ணன் ஜீப்பில் டெக் வைத்திருந்தார். பின் சீட்டுக்கு அடியில் பெரிய ஸ்பீக்கர். முன்னால் இருப்பவர்களுக்குப் பாட்டு கேட்கும். பின்னால் ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்த எனக்கு எஞ்சின் சத்தத்தில் பாடகர் குரல் அரைகுறையாகத்தான் வரும், ஆனால் அடிச்சுருதி தொடை எலும்பு வழியாக ஏறும். 'என் இனிய பொன் நிலாவே' பாட்டை நான் முதலில் கற்றது அப்படித்தான், மேலிருந்து இல்லை, கீழிருந்து. ஜேசுதாஸ் பாடும் மெட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டு தன்பாட்டுக்கு நடந்துபோகிறது என்று எனக்கு அப்போதே தெரியும். அதற்குப் பெயர் பேஸ் கிட்டார் என்றுதான் தெரியாது.

அந்தப் பாட்டு 1980இல் வந்த 'மூடுபனி' படத்தில் வருகிறது. இளையராஜாவுக்கு நூறாவது படம். திரையில் கிட்டாரைப் பிடித்திருப்பவர் பிரதாப் போத்தன். யோசித்துப் பார்த்தால் வேடிக்கை: வாசிக்காத கை யாருடையது என்று தமிழ்நாட்டுக்கே தெரியும்.

பேஸ் கிட்டார் என்ற வாத்தியத்தையே நான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது எங்க ஊர்த் திருவிழாவில்தான். வெளியூரிலிருந்து வந்த இன்னிசைக் குழு. கச்சேரி முடிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்த பேஸ் கிட்டார்க்காரரிடம் போய், நல்லா வாசிச்சீங்க அண்ணே என்றேன். அவர் சிரித்துவிட்டு, "இது என் வாசிப்பு இல்ல தம்பி. சசி சார் வாசிப்பு. கேசட்டைத் தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்தது" என்றார். எந்த சசி என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. பாடகராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பல வருஷம் கழித்துத்தான் சசிதரன் என்ற பெயரையே எழுத்தில் பார்த்தேன்.

சசிதரன் இளையராஜாவின் இசைக்குழுவில் நெடுங்காலம் பேஸ் கிட்டார் வாசித்தவர். என் பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான். காரணம் இருக்கிறது. நம்முடைய இசையில் அடிச்சுருதி என்றால் தம்புரா, சுருதிப்பெட்டி. நகராது. நகராமல் இருப்பதே அதன் தர்மம். ராக் வந்து செய்த பெரிய கலகம் அந்த அடித்தளத்தையே நடக்க வைத்ததுதான். தமிழ்ப் பாட்டில் அந்த நடையைப் பழக்கப்படுத்தியவர் இளையராஜா. விரலால் செய்துகாட்டியவர்களில் முதன்மையானவர் சசிதரன். ஒரு தலைமுறை முழுவதும் ராகத்தை மேலே கேட்டுக்கொண்டே கீழே வேறொன்றைக் கேட்கப் பழகிவிட்டது, அது பழகியதே தெரியாமல்.

அடுத்த பெயர் ஆர்.சந்திரசேகர், கிட்டார். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'வில் வாசித்தவர். அந்தப் பாட்டு ஆரம்பிக்கும்போது பாடகர் வருவதற்கு முன் கிட்டார் தனியாக ஓடுமே, அதைக் கேட்ட பிறகு கிட்டார் வாங்கித் தரச்சொல்லி வீட்டில் அடம்பிடித்தவர்கள் எத்தனை பேர்! (நானும் கேட்டேன். ஏலக்காய் விலை விழுந்திருந்த வருஷம். கிடைக்கவில்லை.) ஒவ்வொரு நரம்பாகப் பிரித்துப் பறிக்கும் அந்த வாசிப்பில் வேகம் பெரிய விஷயமில்லை. வேகமாக வாசிக்கிறவர்கள் இன்று யூடியூபில் தடுக்கி விழும் அளவுக்கு இருக்கிறார்கள். அவ்வளவு சுரங்கள் கொட்டும்போதும் ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கிறது, அதே சமயம் அவசரம் கொஞ்சமும் தெரியவில்லை. பாட்டு சொல்லவரும் இரவின் நிதானம் பாடகர் வாய் திறக்கும் முன்பே வந்துவிடுகிறது. மறுவருஷமே இந்த மெட்டு இந்திக்குப் போய், 'கலாகார்' படத்தில் கிஷோர் குமார் பாடினார். இசை கல்யாண்ஜி ஆனந்த்ஜி. அவர்கள் மெட்டை எடுத்தபோது கிட்டாரையும் விடவில்லை என்பதைக் கவனியுங்கள். கிட்டார் இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சந்திரசேகரின் சகோதரர் புருஷோத்தமன். டிரம்ஸ். இளையராஜாவின் ஆரம்ப காலம் முதல் கூட இருந்தவர், இசைக்குழுவை நடத்தும் பொறுப்பையும் பார்த்தவர். 2020இல் காலமானார். ஊரடங்குக் காலம். செய்தி ஒரு நாள் ஓடி அடங்கிப்போனது. ஒரே குடும்பத்திலிருந்து கிட்டாரும் டிரம்ஸும்! வேறு நாட்டில் என்றால் இந்த அண்ணன் தம்பிகளைப் பற்றி இரண்டு புத்தகமாவது வந்திருக்கும்.

டிரம்ஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் வருஷா வருஷம் டிசம்பர் 31 ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒலிக்கும் பாட்டு ஒன்றுதான்: 'சகலகலா வல்லவன்' (1982) படத்தின் 'இளமை இதோ இதோ'. சிலமலையிலும் அதுதான், சிங்கப்பூரிலும் அதுதான். அக்கார்டியனும் தபேலாவும் கேட்டு வளர்ந்த ஊர்களில் டிரம் செட்டின் முழு பலத்தையும் மக்கள் ஆடி ஏற்றுக்கொண்ட பாட்டு அது. கமல் ஆடியது தெரியும், எஸ்.பி.பி பாடியது தெரியும், வாலி எழுதியது தெரியும், ஏவிஎம் தயாரித்தது தெரியும். நாற்பது வருஷத்துக்கு மேலாக நம்மைப் புத்தாண்டுக்குள் அடித்துத் தள்ளும் அந்த டிரம்ஸுக்கு அந்த கேசட் உறையில் பெயர் கிடையாது. உறையை அகலமாக விரித்துப் பார்த்தாலும் கிடையாது.

இன்னும் உண்டு. கிட்டாரில் சதானந்தம். கீபோர்டில் விஜி மேனுவல். அதற்கு முந்தைய தலைமுறையில், விஸ்வநாதன் காலத்துப் பாட்டுகளில் டிரம்ஸ் வாசித்த நோயல் கிராண்ட், கிட்டார் பிலிப்ஸ், அக்கார்டியன் மங்களமூர்த்தி. சிவமணியே நோயல் கிராண்டைத் தன் முன்னோடிகளில் ஒருவராகச் சொல்லியிருக்கிறார். ராக் கூடத்துக்குள் அக்கார்டியன் வருமா என்று கேட்காதீர்கள், என் கூடத்தில் வரும்.

சரி, இப்போது நேர்மையான எதிர்வாதம். "இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒவ்வொரு சுரத்தையும் எழுதிக் கொடுத்துவிடுவார். வாசிப்பவர் எழுதியதை வாசிக்கிறார். இதில் அவருக்கென்ன தனிப் பெருமை?" இதைச் சொல்பவர்கள் பொறாமையில் சொல்லவில்லை. விஷயம் உண்மைதான். காலையில் உட்கார்ந்து நேரடியாக மேற்கத்திய இசைக்குறிப்பாக எழுதுவார், வாத்தியக்காரர்கள் தங்கள் தங்கள் பகுதியைப் படியெடுத்துக்கொள்வார்கள், ஒத்திகை, ஒலிப்பதிவு. பேஸ் கிட்டாரின் நடையும் அவர் எழுதியதுதான்.

இங்கேதான் அமெரிக்க ஒப்பீடு பாதி உதவுகிறது, பாதி காலை வாருகிறது. டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனியின் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவரைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அறுபதுகள் முழுக்க உலகமே அவர் விரலுக்கு ஆடியது. பெயர் உறையில் இல்லை. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' இசைத்தட்டில்தான் வாத்தியக்காரர்கள் பெயர் முறையாக அச்சானது. 1983இல் இறந்துவிட்டார். ஹால் ஆஃப் ஃபேம் 1986இலேயே ஆட்களைச் சேர்க்க ஆரம்பித்தது. ஆனால் துணைக்கு வாசித்தவர்களுக்கு 'சைடுமேன்' என்று ஒரு பிரிவு திறந்தது 2000இல்தான். முதல் ஐந்து பேரில் ஜேமர்சன் ஒருவர், ஹால் பிளெய்ன், எர்ல் பால்மர் என்ற இரண்டு டிரம்ஸ்காரர்களும் உண்டு. ஆக, பாடகர்களுக்குக் கதவு திறந்து பதினான்கு வருஷம் கழித்து.

ஆனால் ஜேமர்சனுக்குப் பெரும்பாலும் பாட்டின் கட்டுமானத்தைத்தான் கொடுப்பார்கள், நடையை அவரே கண்டுபிடிப்பார். சசிதரனுக்கு அப்படி இல்லை. அதனால் "நம்மூர் ஜேமர்சன்" என்று எழுதுவது அவருக்கும் பெருமையில்லை, இளையராஜாவுக்கும் நியாயமில்லை. வேறொரு திறமையை வேறு அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

அந்த அளவுகோல் நம்மிடமே இருக்கிறது. தியாகராஜரின் கிருதியைப் பாடும் ஒருவரைப் பார்த்து, எழுதியதைத்தானே பாடுகிறார் என்று நாம் சொல்வதில்லை. தாளில் இருப்பது எந்த சுரம், எவ்வளவு நேரம் என்பது மட்டும். அந்த சுரத்தை எவ்வளவு அழுத்த வேண்டும், அடுத்ததுக்குத் தாவுவதா வழுக்குவதா, தாளத்தின் முதுகில் உட்காருவதா இல்லை நூலிழை பின்தங்கி நடப்பதா, இதையெல்லாம் எந்தத் தாளிலும் எழுத முடியாது. திருவிழாவில் நான் பார்த்த அந்த அண்ணன் கேசட்டைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தது எதை? சுரத்தை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். வருஷக்கணக்கில் அவர் துரத்திக்கொண்டிருந்தது மீதியை. அந்த மீதிதான் சசிதரன்.

அதுவும் எந்தச் சூழ்நிலையில்? முழு இசைக்குழுவும் பாடகரும் ஒன்றாக இருந்து ஒரே ஓட்டத்தில் பதிவுசெய்த காலம். நாற்பது வயலின் சரியாக வாசித்து பேஸ் கிட்டாரில் ஒரு விரல் தப்பினாலும், எல்லோரும் திரும்ப முதலிலிருந்து. இன்று போல அந்த ஓர் இடத்தை மட்டும் வெட்டி ஒட்ட முடியாது. காலையில் கையில் வாங்கிய தாளை, மத்தியானத்துக்குள், காலத்துக்கும் நிற்கப்போகிற மாதிரி வாசித்துக் கொடுத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனவர்கள் இவர்கள்.

அப்புறம் பெயர் போடும் பழக்கம் என்னமோ வெள்ளைக்காரனிடம் கற்க வேண்டியது போலவும் பேச வேண்டாம். கச்சேரி அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார். தனி ஆவர்த்தனத்துக்கு வழிவிட்டுப் பாடகர் கைகட்டித் தாளம் போடுவார். எங்க ஊர்த் திருவிழா நோட்டீஸில் பந்தல் போட்டவர், மைக் செட் வைத்தவர், வாணவேடிக்கை வெடித்தவர் வரைக்கும் இனிஷியலோடு பெயர் இருக்கும். ஒருத்தர் பெயர் விட்டுப்போனால் அடுத்த வருஷம் வரி கொடுக்கமாட்டார். இப்படிப்பட்ட ஊர்க்காரர்கள்தான் சினிமாப் பாட்டில் மட்டும் வாசித்தவர் பெயரைக் கேட்காமலேயே இருந்துவிட்டோம்.

சினிமாவுக்கு வெளியே வந்தபோது இளையராஜாவே பெயரைச் சொல்லித்தான் செய்தார். 1986இல் வந்த 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பில் வயலின் வி.எஸ்.நரசிம்மன் என்பது அதைக் கேட்ட எல்லோருக்கும் தெரியும். 1988இல் 'நத்திங் பட் விண்ட்', புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. ஆக மனசில்லாமல் இல்லை. சினிமாப் பாட்டு என்று வந்தால் உறையின் இலக்கணம் வேறு: படம், கம்பெனி, இசை, பாடல், பாடியவர். அவ்வளவுதான் இடம். ரஹ்மான் வந்த பிறகு உறைகளில் வாத்தியக்காரர்கள் பெயர் அச்சாக ஆரம்பித்தது. கீத் பீட்டர்ஸ் என்ற பேஸ் கிட்டார்க்காரரும் புல்லாங்குழல் நவீனும் நமக்குப் பெயராகத் தெரியக் காரணம் அதுதான். ரஹ்மானின் இசையைப் பற்றி எனக்குச் சில முணுமுணுப்புகள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அவருக்குக் கையெடுத்துக் கும்பிடு. 2020 ஊரடங்கில் சுபஸ்ரீ தணிகாசலம் தொடங்கிய நிகழ்ச்சியும் பழைய பாட்டுகளை மறுபடி வாசிக்க வைத்து, மூலத்தில் வாசித்தவர்களைப் பற்றிப் பேசி நிறையப் பேருக்குக் காது திறந்தது.

இதில் சட்டம் எங்கே நிற்கிறது என்று தேடிப் பார்த்தேன். நான் வக்கீல் இல்லை, படித்ததைச் சொல்கிறேன். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் வருஷத்தது. நிகழ்த்துக் கலைஞரின் உரிமை என்பது அதில் வலுவாக வந்தது 1994 திருத்தத்தில். 2012 திருத்தத்தில் 38பி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஒரு நிகழ்த்துநர், இதை நிகழ்த்தியவர் நான் என்று அடையாளம் காட்டச்சொல்லிக் கேட்கலாம், அது அவருடைய தார்மீக உரிமை. வாத்தியக்காரரும் நிகழ்த்துநர்தான் என்று சட்டம் தெளிவாகவே சொல்கிறது. படித்ததும் துள்ளிக் குதித்தேன். அடுத்த பக்கத்தில், நிகழ்த்துநர் என்றால் யார் என்ற வரையறைக்கு அதே 2012இல் போட்ட ஒரு வால் இருந்தது. ஒரு திரைப்படத்தில் ஒருவரின் பங்கு போகிறபோக்கில் வந்துபோவதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிப்பிடப்படுவதும் இல்லை என்றால், அவரை நிகழ்த்துநராகக் கருத வேண்டியதில்லை, வாசிப்பைச் சிதைத்தால் எதிர்க்கலாம் என்ற ஒன்றைத் தவிர.

கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர்களை மனதில் வைத்து எழுதியது என்றே தோன்றுகிறது. ஒரு பாட்டின் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஓடும் பேஸ் கிட்டார், போகிறபோக்கில் வந்துபோவது ஆகாது. ஆனாலும் அந்த இரண்டாவது பாதியை மறுபடி படித்துப் பாருங்கள். பெயர் போடும் வழக்கம் இல்லாதது ஒரு தகுதிக்குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. பெயர் போடவில்லை, அதனால் நீ யாரோ. நீ யாரோ, அதனால் பெயர் கேட்க முடியாது. ஏலத்துக்கு வரும் ஏலக்காய்க்குக்கூட ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு நம்பர் உண்டு, சரக்கு யாருடையது என்று பார்த்துத்தான் பணம் போகும்.

இந்த இடத்தில் எம்.பி.சீனிவாசனை நினைக்காமல் போக முடியாது. இசையமைப்பாளர், மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கியவர், பொதுவுடைமைக்காரர். சென்னையில் திரைப்பட வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் கட்டியதில் முன்னால் நின்றவர். வாசித்த கூலி அன்றன்றைக்குக் கைக்கு வர வேண்டும் என்பதற்கே சங்கம் தேவைப்பட்ட காலம். கூலிக்கே போராட வேண்டியிருந்தபோது பெயர் இரண்டாம் பட்சமாகிப் போனதில் ஆச்சரியமில்லை.

ஹால் ஆஃப் ஃபேம் என்ற ஏற்பாட்டின் மேலேயே எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. அதற்குக் காரணம் கேரல் கே என்ற அம்மையார். லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஆயிரக்கணக்கான பதிவுகளுக்கு பேஸும் கிட்டாரும் வாசித்தவர். 2025இல் தொண்ணூறு வயதில் அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ப்பதாக அறிவித்தார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தங்கள் கூட்டத்துக்குப் பின்னாளில் யாரோ ஒட்டிய பட்டப்பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. அதோடு, கூடத்தில் வாசிப்பது தனி ஆளின் சாதனை இல்லை, குழுவின் வேலை என்பது அவர் நிலைப்பாடு. என் நண்பன் இதைத் திமிர் என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாற்பது பேர் சேர்ந்து செய்த வேலையில் ஒருவரை மட்டும் மேடையேற்றிச் சிலை வைத்தால் முப்பத்தொன்பது பேர் மறுபடி இருட்டுக்குப் போகிறார்கள். நானே மேலே சசிதரனை முதல் பெயர் என்று எழுதிவிட்டு இதைச் சொல்கிறேன், தெரிகிறது. பட்டியல் போடும் ஆசை லேசில் விடாது.

அதனால் எனக்குக் கூடம் வேண்டாம், சிலை வேண்டாம். பாட்டுவாரியாகப் பெயர் வேண்டும். இந்தப் பாட்டு, இந்தத் தேதி, இந்தக் கூடம், பேஸ் இன்னார், டிரம்ஸ் இன்னார், மூன்றாவது வயலின் இன்னார். அதைச் சொல்லத் தெரிந்தவர்களில் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள். புருஷோத்தமனிடம் 2020க்கு முன்னால் யாராவது ஒரு நோட்டோடு நாலு நாள் உட்கார்ந்திருக்கலாம். பாட்டுத் தலைப்பை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதுல நீங்களா, இதுல நீங்களா என்று கேட்டிருக்கலாம். வேறு எந்த உபகரணமும் தேவையில்லை.

ஒரு விஷயத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் விநோதமாக இருக்கிறது. பெயரில்லாமல் வாசித்தவர்கள் வரிசையில் இளையராஜாவே ஒருவர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றுக்கொண்டு, சலீல் சௌத்ரி போன்றவர்களுக்குக் கிட்டார் வாசித்து, ஜி.கே.வெங்கடேஷுக்கு உதவியாளராக இருந்து, 1976 'அன்னக்கிளி'க்கு முன்னால் பல வருஷம் அவரும் கூடத்தின் மூலையில் நாற்காலி போட்ட ஒரு வாத்தியக்காரர்தான். அந்தக் காலத்து எந்தப் பாட்டில் அவர் கிட்டார் ஒலிக்கிறது என்று இன்று உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதற்கும் முன்னால் அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் பொதுவுடைமைக் கட்சிக்காக இதே மலைமேல் தோட்டத் தொழிலாளர்கள் நடுவில் ஆர்மோனியத்தோடு பாடித் திரிந்தவர். வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். ஜெயித்தார். தம்பி ராஜாவும் அந்தக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றியவர்தான். எங்க அத்தையை ஏற்றிப்போன ஜீப் ஏறிய மலை அது. 'அன்னக்கிளி' வருவதற்கு முன்பே பாவலர் போய்விட்டார். அன்று அந்த மலையில் அவர் பாடிய எதுவும் கேசட்டாக எங்க ஜீப்புக்கு வரவில்லை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். இந்த வருஷத் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கும் நேரம். இன்னிசைக் குழுவின் பெயருக்குக் கீழே வாசிப்பவர்கள் பெயரையும் போடலாமே என்று கமிட்டியில் கேட்டேன். இடம் இல்லையே என்றார்கள். வாணவேடிக்கை எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் இடம் வரும் என்றேன். அதற்கு ஒரு சண்டை நடந்தது, அதை விடுங்கள். கடைசியில் குழுவுக்குப் போன் போட்டுக் கேட்டோம். எட்டுப் பேர். பேஸ் கிட்டார் வாசிக்கிற பையன் தன் பெயரை இரண்டு தடவை எழுத்துக் கூட்டிச் சொல்லிவிட்டு, இனிஷியல் முன்னாடி போடுங்கண்ணே, பின்னாடி போட்டா எங்க அப்பா திட்டுவாரு என்றான்.